ஒரே நோட்டு, மூன்று ஏலம்

பழைய ரூபாய் நோட்டு சேகரிப்பவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

ஈபே என்ற இணையத் தளத்தில் நடந்த ஏலத்தில் ஒரு 10 ரூபாய் ஹஜ் நோட்டை (ஹஜ் பயணிகளுக்காக இந்தியா அன்று தனியாக அச்சிட்ட நோட்டு) கடைசி நொடியில் தவறவிட்டேன். இரண்டு வாரத்தில் அதே விற்பனையாளர் மறுபடி ஏலத்துக்கு விட்டிருக்கிறார். சந்தேகப்படலாமா?

முதலில் எண்ணைப் பாருங்கள். ஹஜ் நோட்டு என்றால் 'எச்ஏ' எழுத்துக்குப் பின் ஆறு இலக்கம் இருக்கும். அந்த ஆறில் ஒன்று மாறியிருந்தாலும் அவரிடம் இன்னொரு நோட்டு இருக்கிறது, அவ்வளவுதான். அதே எண் என்றால், ஜெயித்தவர் பணம் கட்டாமல் போயிருக்கலாம். இது அடிக்கடி நடக்கிறது. இல்லையென்றால் ஜெயித்தவரே, விலையை ஏற்றிவிட விற்பவர் வைத்த ஆளாக இருக்கலாம்.

ஒரு தடவை நடந்ததை வைத்து யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஒரு ரூபாய் நோட்டு ஒரே விற்பனையாளரிடம் மூன்று முறை வந்ததைப் பார்த்திருக்கிறேன். வலது ஓரத்தில் மிளகு அளவு பழுப்புக் கறை, ஊசித் துளை இரண்டு, எண்ணும் அதே. ஒவ்வொரு தடவையும் 'விற்றுவிட்டது' என்று காட்டிய விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. அந்தப் பொய் விலையைச் சந்தை விலை என்று நம்பி வாங்குபவர்களை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமை. பிடித்த நோட்டு ஏலத்துக்கு வந்தால் படத்தையும் எண்ணையும் அன்றே சேமித்து வையுங்கள்.

நான் 9,000 வரை போட்டிருந்தேன். ஒருவர் நூறு நூறாக ஏற்றி 8,900 வரை வந்து நின்றுவிட்டார். இது எப்படி?

நீங்கள் கொடுத்த உச்ச வரம்பை ஈபே மறைத்துவைத்து, மற்றவர் ஏற்ற ஏற்ற உங்கள் சார்பில் தானே ஏற்றும். அந்த வரம்பைத் தட்டித் தட்டிக் கண்டுபிடிப்பதுதான் இந்த நூறு நூறு ஏற்றம். ஆசைப்பட்டு ஏற்றும் நிஜமான சேகரிப்பாளரும் இப்படிச் செய்வார் என்பதால், ஏல வரலாற்றைத் திறந்து பாருங்கள். பெயரை மறைத்திருந்தாலும், கடந்த 30 நாளில் அவர் கேட்டதில் எத்தனை சதவீதம் இதே விற்பனையாளரிடம் என்று தெரியும். நூற்றுக்கு நூறு, அதுவும் பத்து இருபது நோட்டுகளுக்கு என்றால் புகார் கொடுங்கள். உங்கள் வரம்பைத் தாண்டியதும் கேட்ட விலையை அவர் வாபஸ் வாங்கியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அடுத்த முறை உங்கள் உச்ச விலையைக் கடைசி பத்து நொடியில் ஒரே தடவையாகப் போடுங்கள். தட்டிப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது.

நான் விற்ற நோட்டை வாங்கியவர், இரண்டே மாதத்தில் பிஎம்ஜி (நோட்டுக்குத் தர மதிப்பெண் போட்டு உறையிட்டுத் தரும் நிறுவனம்) உறையில் போட்டு இரட்டிப்பு விலைக்கு விற்றுவிட்டார். ஏமாற்றமா?

இல்லை. தரம் போடச் செலவு செய்து, குறைந்த மதிப்பெண் வந்தால் நஷ்டம் என்ற அபாயத்தையும் அவர்தான் ஏற்றார். ஆனால் உறை இல்லாமல், நீங்கள் விற்றபோது இருந்த மடிப்பு மாயமாகி 'யுஎன்சி', அதாவது புழக்கத்துக்கே வராத புது நோட்டு, என்று வந்திருந்தால் அது வேறு கதை. கழுவி அழுத்திய நோட்டு அது. உங்கள் பழைய படமே அதற்குச் சாட்சி.

தோற்ற ஏலத்தில், 'ஜெயித்தவர் விலகிவிட்டார், உங்கள் உச்ச விலைக்கே தருகிறேன்' என்று இரண்டாம் வாய்ப்பு வந்திருக்கிறது. வாங்கலாமா?

அந்த விலைக்கு வேண்டாம். விலகியவர் கேட்டதையெல்லாம் கழித்துவிட்டு, உங்களுக்கு அடுத்தவர் எங்கே நின்றார் என்று பாருங்கள். அவர் 5,200 என்றால், நேர்மையான ஏலத்தில் 5,300 ஒட்டியே உங்களுக்குக் கிடைத்திருக்கும். அதைச் சொல்லிக் கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள்.