டீச்சரிடம் கேளுங்கள்: பென்சிலுக்கு முன்னால் கடலை

(கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் தமிழ்வழித் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக 31 ஆண்டுகள் பணியாற்றியவர் பதில் அளிக்கிறார்)

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. அவன் போகும் பாலர் பள்ளியில் நாள் முழுக்க மணல், களிமண், பயறு பிரிப்பது, தண்ணீர் ஊற்றுவது என்றே போகிறது. நோட்டே கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏபிசிடி முழுக்க எழுதிக் காட்டுகிறாள். "காசு கொடுத்து மண்ணுல விளையாட அனுப்பறயா?" என்று மாமியார் கேட்கிறார். பள்ளியை மாற்றிவிடலாமா டீச்சர்?
– வாசகி, வேலந்தாவளம்

பதில்: மாற்ற வேண்டாம் கண்ணு.

முதலில் அவன் மணிக்கட்டைத் தொட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கு அங்கே 8 சின்ன எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தைக்கு அவை வெறும் குருத்தெலும்பு. வயது ஏற ஏற ஒவ்வொன்றாகக் கெட்டிப்படும். கடைசி எலும்பின் முறை வருவதற்கு 8 வயதுக்கு மேல் ஆகிவிடும். அந்தக் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் விரல் வலிக்கும், எழுத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே அப்படிச் செய்தவள்தான். ஒரு பையனுக்கு 'அ'வின் சுழி வரவே இல்லை. பென்சிலை முஷ்டியில் பிடித்து அழுத்தியதில் தாள் கிழிந்தது. அதட்டிவிட்டேன். நாலு நாள் ஆள் வரவில்லை. வீட்டுக்குத் தேடிப் போனால், களத்தில் பாட்டியோடு உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தான். காயின் மூக்கை மேல்பக்கம் திருப்பி, கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்து ஒரே அழுத்து. டப்பென்று வாய் பிளந்தது. பருப்பு உடையவில்லை, சிவப்புத் தோல்கூடப் போகவில்லை. எழுதுவதற்கு வேண்டிய பிடி அந்தக் கையில் ஏற்கனவே இருந்திருக்கிறது. அடுத்த வாரம் வகுப்புக்கு ஒரு படி கடலை எடுத்துப் போனேன். அப்புறம் மணல் தட்டு. வருஷக் கடைசியில் 'அ' வந்தது, சுழியோடு.

மூளைக்கும் இதற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. 1937இல் கனடாவில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற மூளை அறுவை மருத்துவர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, எந்த இடம் எந்த உறுப்புக்கு உரியது என்று படம் வரைந்தார். அத்தனை பெரிய முதுகுக்குக் கிடைத்த இடம் கொஞ்சம்தான். கைக்கும் விரலுக்கும் வாய்க்கும் ஏராளம். அதோடு, 6 வயதுக்குள் மூளை பெரியவர்களின் மூளை அளவில் ஏறக்குறைய 90 சதவீதத்தை எட்டிவிடும். நரம்பணுக்களின் இணைப்புகள் புழங்கப் புழங்க உறுதிப்படும், புழங்காதவை கழிந்துபோகும். தென்னந்தோப்பில் ஆள் நடந்து நடந்து தடம் விழுகிற மாதிரி. உங்கள் மகன் பயறு பொறுக்கும்போது அந்தத் தடம்தான் விழுகிறது.

மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். விஜயதசமிக்குக் கோயிலில் குழந்தையின் விரலைப் பிடித்து எதில் எழுத வைக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். அரிசியில்தானே! திண்ணைப் பள்ளியில் மணல். மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோமில் தொடங்கிய பள்ளியில் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைத் தடவ வைத்ததும் இதே வழிதான். அந்த அம்மையார் 1939இல் அடையாறுக்கு வந்தார்; போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கினார்; நம் ஊர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

ஒன்று மட்டும் ஒருநாள் போய்ப் பாருங்கள். அவன் பயறு பிரிக்கும்போது டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கிறாரா? தண்ணீர் சிந்தினால் துடைக்க அவனையே விடுகிறாரா? பிள்ளைகளை மண்ணில் இறக்கிவிட்டு அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், அப்போது பள்ளியை மாற்றுவது பற்றிப் பேசலாம்.

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. செல்போனில் எழுத்தின் மேலேயே விரலால் கோடு இழுக்கும் ஆப் கொடுத்திருக்கிறேன். இதுவும் கைவேலைதானே?
– வாசகர், கோபாலபுரம்

பதில்: அது போதாதுங்க. கண்ணாடியில் 'அ'வும் வழுவழு, 'ழ'வும் வழுவழு. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் காரின் ஜேம்ஸ் என்பவர், இன்னும் படிக்கத் தெரியாத சின்னக் குழந்தைகளை மூன்று விதமாக எழுத்துப் பழக வைத்தார்: தானாகப் பார்த்து எழுதுவது, போட்ட கோட்டின் மேல் இழுப்பது, பொத்தானைத் தட்டுவது. பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, தானாக எழுதிய எழுத்துகளைக் கண்டதும்தான் வாசிப்புக்கு உதவும் மூளைப் பகுதிகள் விழித்தன. இந்த ஆய்வு 2012இல் வெளியானது. கோணலாக வந்தாலும் பரவாயில்லை, ஒரு தட்டில் ராகி மாவைப் பரப்பி அவளையே எழுத விடுங்கள்.

கேள்வி: வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம். மகன் குழம்பிவிட மாட்டானா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: மாட்டான். எல்லையோரத்துப் பிள்ளைகளை 31 வருஷம் பார்த்த தைரியத்தில் சொல்கிறேன். கையில் பொருள் இருக்கும்போது பெயரைச் சொல்லுங்கள். கடலையை உரித்துக்கொண்டே நீங்கள் 'கடலை' என்பீர்கள், கடைக்காரர் 'கப்பலண்டி' என்பார். இரண்டும் ஒன்று என்று அவனுக்குத் தெரிந்துவிடும். மூன்று எழுத்து முறையையும் ஒரே வருஷத்தில் எழுதத்தான் சொல்லாதீர்கள். அப்புறம், வீட்டில் கைக்குழந்தை இருந்தால் உரித்த கடலை அதன் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொண்டையில் சிக்கிவிடும்.