கண் திறந்தபடியே வரும் நித்திரை

கேள்வி: வயது 41. கிளிநொச்சி – கொழும்பு இரவு பஸ் சாரதி. கிழமைக்கு ஐந்து இரவு ஓட்டம். போன மாதம் விடியப்புறம் மாங்குளம் சந்தியைக் கடந்தது எனக்கு ஞாபகமே இல்லை. பஸ் வெள்ளைக்கோட்டைத் தாண்டிய பிறகு கொண்டக்டர் கத்தித்தான் திடுக்கிட்டேன். நித்திரை வராமலிருக்க ஏதும் குளிசை இருக்கா? பிளேன் ஓட்டுகிறவர்களுக்கு என்ன கொடுக்கிறார்கள்?

பதில்: தம்பி, பயணிகள் விமானம் ஓட்டுகிறவர்களுக்கு அப்படியொரு மந்திரக் குளிசை கிடையாது. அவர்களுக்குக் கொடுப்பது நித்திரைதான், அதுவும் சட்டம் போட்டு. அமெரிக்காவில் 2014 முதல் உள்ள விதிப்படி, வேலைக்கு முன் 10 மணித்தியாலம் ஓய்வு வேண்டும். அதில் 8 மணித்தியாலம் நித்திரைக்கு. "எனக்குக் களைப்பு" என்று விமானி சொல்லிவிட்டால் அவரை ஏற்றக்கூடாது. உங்கள் முதலாளியிடம் அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும்.

உங்களுக்கு வந்தது சில விநாடி நித்திரை. கண் திறந்திருக்கும், மூளை உறங்கிவிடும். 60 கிலோமீற்றர் வேகத்தில் 4 விநாடி என்றால் பஸ் 60 மீற்றருக்கு மேல் ஆளில்லாமல் ஓடியிருக்கிறது. இரவு 2 மணி முதல் 6 மணி வரை உடம்பு நித்திரைக்கு இழுக்கும் நேரம். கொழும்பிலிருந்து திரும்பும்போது அது சரியாக ஏ-9இல், மதவாச்சிக்கு இந்தப் பக்கம்தான் உங்களைப் பிடிக்கிறது. 17 மணித்தியாலம் விழித்திருந்தவர் கொஞ்சம் குடித்தவர் போலத்தான் ஓட்டுவார். வெற்றிலை, சத்தமான பாட்டு, திறந்த யன்னல் எல்லாம் சில நிமிடத்துக்கு மேல் நிற்காது.

கண் சொருகினால் ஓரங்கட்டி 20 நிமிடம் படுங்கள். படுக்குமுன் ஒரு கோப்பி குடியுங்கள். அது வேலை செய்யத் தொடங்க அரை மணித்தியாலம் பிடிக்கும், எழும்பும்போது கைகொடுக்கும். நாசா நீண்டதூர விமானிகளுக்கு 40 நிமிடம் ஓய்வு கொடுத்துப் பார்த்தது. சராசரி 26 நிமிடம்தான் உறங்கினார்கள், அதுவே விழிப்பை நன்றாகக் கூட்டியது. ஆனால் அங்கே பக்கத்தில் இன்னொரு விமானி விழித்திருப்பார். உங்களுக்கு அந்த ஆள் இல்லை, ஆகவே பஸ் நிற்கவேண்டும்.

எழும்பிய உடனேயும் ஓட்டாதீர்கள். 2010 மே மாதம் துபாயிலிருந்து மங்களூர் வந்த விமானத்தில் கப்டன் நெடுநேரம் உறங்கியிருந்தார், குறட்டைகூடப் பதிவாகியிருக்கிறது. எழும்பி இறக்கியபோது துணை விமானி திரும்ப மேலே ஏற்றச் சொல்லியும் கேட்கவில்லை. 158 பேர் இறந்தார்கள். நித்திரை கலையாத மந்தத்தை விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, முகம் கழுவி ஒரு கால் மணித்தியாலம் போகட்டும். பயணிகள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

பகலில் கொழும்பு வெயிலில் நிற்கும் பஸ்ஸுக்குள் உறங்குவது நித்திரைக் கணக்கில் சேராது. நாலைந்து சாரதிகள் சேர்ந்து ஒரு இருட்டறை எடுங்கள். தடிமனுக்குப் பாமசியில் வாங்கும் பிரிட்டோன் குளிசை நித்திரையைக் கொண்டுவரும், ஓட்டமுள்ள நாளில் அதைத் தொடவே வேண்டாம்.

அப்புறம், வீட்டில் மனைவியிடம் கேளுங்கள்: குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று, திணறித் திரும்ப வருகிறதா? ஆமென்றால் எத்தனை மணித்தியாலம் படுத்தாலும் களைப்புத் தீராது. பிரஷரையும் பார்க்கவேண்டும். அடுத்த ஓட்டத்துக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு. உங்கள் குறட்டையைக் கேட்டவர் அவர்தானே.