அரசாங்கம் பார்த்துக்கொள்ளுமா? சிங்கப்பூர் வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 31, சம்பளம் 4,000 வெள்ளி. மத்திய சேமநிதிக்கே பெரிய தொகை போய்விடுகிறது. வேலை போனாலும் மாதாமாதம் உதவ அரசாங்கம் திட்டம் வைத்திருக்கிறது. இதற்குமேல் தனியாக எதற்குச் சேமிக்க வேண்டும்?
- வாசகர், ஈசூன்

பதில்: உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 800 வெள்ளி. முதலாளி 680 போடுகிறார். ஆக 1,480. உங்கள் வயதில் அது சாதாரணக் கணக்குக்கு 920, சிறப்புக் கணக்குக்கு 240, மெடிசேவுக்கு 320 என்று பிரியும். வீடு, முதுமை, மருத்துவம் மூன்றுக்கும் வழி இருக்கிறது. ஆனால் வேலை போன மாதம் அரிசி வாங்கவோ மின்கட்டணம் கட்டவோ இதிலிருந்து ஒரு காசு எடுக்க முடியாது.

நீங்கள் சொல்லும் உதவி, 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம். முதல் மாதம் 1,500 வெள்ளி வரை, அடுத்து 1,250, பிறகு 1,000, கடைசி மூன்று மாதங்களுக்குத் தலா 750. மொத்தம் 6,000தான் உச்சம். வீட்டுச் செலவு மாதம் 2,800 என்றால் ஆறு மாதத்துக்கு 16,800 வேண்டும். மீதி 10,800 உங்கள் வங்கிக் கணக்கில் இருந்தாக வேண்டும்.

பலர் இடறுவது விலகல் கடிதத்தில். ஆட்குறைப்பு, நிறுவனம் மூடல், பணிநீக்கம், நோய் அல்லது காயத்தால் வேலை இழப்பு போன்றவற்றுக்கே இந்த உதவி. தானாக விலகியவருக்குக் கிடையாது. 'நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், பெயர் கெடாது' என்று மேலாளர் சொன்னால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். ஆட்குறைப்பு என்றால் அந்தக் காரணத்தைக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். பணம் வந்துகொண்டிருக்கும்போதும் விண்ணப்பம் போடுதல், பயிற்சிக்குப் போதல், வேலை ஆலோசகரைச் சந்தித்தல் என்று மாதந்தோறும் காட்ட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அந்த மாதத் தொகை வராது.

கேள்வி: அப்பா பக்கவாதம் வந்து மருத்துவமனையில் இருக்கிறார். 'அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்' என்கிறார் அண்ணன். 'கடன் வாங்கியாவது நாமே கட்டுவோம், உதவி கேட்டால் மானம் போய்விடும்' என்கிறார் அக்கா. யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: இருவர் பேச்சும் வேண்டாம். கட்டணத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது, அதன்படி போங்கள்.

முதலில் மானியம். பொது மருத்துவமனையின் பி2, சி பிரிவுகளில் குடும்பத்தின் தலைக்கு எவ்வளவு வருமானம் என்று பார்த்து 80 விழுக்காடு வரை கழிப்பார்கள். ஏ பிரிவுக்கு மானியமே இல்லை. அனுமதிக்கும் இரவில் பதற்றத்தோடு 'நல்ல அறையாகக் கொடுங்கள்' என்று சொல்லிவிடுவதுதான் பல குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது. சி பிரிவிலும் மருத்துவம் மருத்துவம்தான். கூடுதல் பணம் பெரும்பாலும் தனி அறைக்கும் வசதிக்கும் போகிறது.

இரண்டாவது மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதி. 2015 முதல் குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் உண்டு. முன்பே நோய் இருந்தாலும் சேர்ந்திருப்பார். ஆனால் முழுக் கட்டணத்தையும் அது தராது. தொடக்கத்தில் ஒரு தொகையும், அதற்குமேல் 3 முதல் 10 விழுக்காடும் நோயாளியின் பங்கு. அந்தப் பங்கை அப்பாவின் மெடிசேவில் எடுக்கலாம். போதாவிட்டால் உங்கள் மூவரின் மெடிசேவையும் அப்பாவுக்காகப் பயன்படுத்தலாம். அண்ணன் இங்கேதான் கை கொடுக்க வேண்டும். அவர் ஒப்புதல் தராமல் அவர் கணக்கை யாரும் தொட முடியாது.

அப்புறமும் பாக்கி நின்றால் மெடிஃபண்ட். 1993ல் 20 கோடி வெள்ளி மூலதனத்தோடு தொடங்கிய அறநிதி அது. முதலைத் தொடாமல் அதன் வருமானத்தில் உதவுகிறார்கள். கட்ட வழியில்லாத குடிமக்களுக்காகவே வைத்திருக்கும் பணம் என்பதால் கேட்பதில் மானக்கேடு எதுவுமில்லை என்று அக்காவிடம் சொல்லுங்கள். மானியப் பிரிவு நோயாளிகளுக்கு மட்டும்தான் உண்டு, ஏ பிரிவில் படுத்துவிட்டு அதைக் கேட்க முடியாது.

வார்டிலேயே மருத்துவச் சமூக சேவகரைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்பும் நாள்வரை காத்திருக்காதீர்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், கூட வசிப்பவர்களின் வருமானம் எல்லாம் கேட்பார்கள். ஒருவர் தாள்களைத் தராமல் இழுத்தடித்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். கடன் அட்டையில் தேய்த்துவிட்டுப் பிறகு உதவி தேடுவது கடினம்.

கேள்வி: எனக்கு 67 வயது. மகன்கள் இருவருமே பணம் தருவதில்லை. பிள்ளைகள் மேல் வழக்குப் போடத்தான் வேண்டுமா?
- வாசகி, தோ பாயோ

பதில்: எடுத்த எடுப்பில் வழக்கு இல்லை. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995ல் வந்தது. 60 வயதாகி, தன்னைப் பார்த்துக்கொள்ள வழியில்லாத எவரும் கேட்கலாம். முதலில் பெற்றோர் பராமரிப்பு ஆணையர் அலுவலகம் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசும். அங்கே முடியாவிட்டால்தான் நடுவர் மன்றம். அதுவரை சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே! வீட்டுக்கு அருகிலுள்ள சமூக சேவை அலுவலகத்தில் இன்றே கோம்கேர் என்ற அரசாங்க நிதியுதவிக்கு எழுதிக் கொடுங்கள். பிள்ளைகளைப் பற்றி அங்கேயும் விசாரிப்பார்கள், உள்ளதைச் சொல்லுங்கள்.

கேள்வி: கல்யாணத்துக்கு முன் என் சேமநிதியை அம்மா பெயருக்கு எழுதிவைத்தேன். இப்போது மனைவி, இரண்டு பிள்ளைகள். மாற்ற வேண்டுமா?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: மாற்றுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. நீங்கள் திருமணம் செய்த நாளிலேயே அந்த நியமனம் ரத்தாகிவிட்டது. இது தெரியாமலே பலர் இருக்கிறார்கள். (மணமுறிவில் இது தலைகீழ். பழைய நியமனம் அப்படியே இருக்கும், முன்னாள் துணைக்கே பணம் போகும்.) உயிலில் எழுதியிருப்பதும் உதவாது, சேமநிதிப் பணம் உயிலுக்குள் வராது.

நியமனம் இல்லாமல் நீங்கள் இறந்தால் பணம் பொது அறங்காவலர் அலுவலகத்துக்குப் போகும். கட்டணம் பிடித்துக்கொண்டு சட்டப்படி பிரிப்பார்கள்: மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. அம்மாவுக்கு எதுவும் வராது. முஸ்லிம்களுக்கு இஸ்லாமிய வாரிசுரிமைப்படி பங்கு வேறாகும்.

சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாகச் சேமநிதி இணையத்தளத்தில் நுழைந்து, யாருக்கு எத்தனை விழுக்காடு என்று குறிப்பிடுங்கள். 21 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களும் தத்தம் சிங்பாஸில் உறுதிசெய்தால்தான் செல்லும். பங்கு பெறுபவர் சாட்சியாக இருக்க முடியாது. அதனால் அம்மாவையும் மனைவியையும் விட்டுவிட்டு, அலுவலக நண்பர்கள் இருவரைக் கேளுங்கள்.