சாட்சிக்கு ஒரு குருகு: தமிழ் இலக்கியத்தில் காதல், வஞ்சகம், குலம் – கேள்வி பதில்

தமிழ் இலக்கியத்தில் காதல் வரும் இடத்தில் பொய்யும் குலமும் எப்படிச் சேர்ந்தே வருகின்றன என்று கேளுங்கள் எனச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அம்மா, 'யாயும் ஞாயும் யாரா கியரோ' பாட்டைக் காட்டி, சங்க காலத்துக் காதலில் சாதியே கிடையாது என்கிறார்கள். சரிதானா?

குறுந்தொகையின் 40ஆம் பாட்டு அது. உன் தாயும் என் தாயும் யார் யாரோ, நம் தந்தையர் எந்த வகையிலும் உறவில்லை, ஆனாலும் செம்மண்ணில் பெய்த மழை மாதிரி நெஞ்சம் கலந்துவிட்டது என்கிறது. உறவில்லை என்றுதான் சொல்கிறதே தவிர, குலம் வேறு என்றோ குலமே இல்லை என்றோ சொல்லவில்லை. தொல்காப்பியத்தைத் திறந்தால், தலைவனுக்கும் தலைவிக்கும் பத்து ஒப்புமை சொல்லும் மெய்ப்பாட்டியல் நூற்பா 'பிறப்பே குடிமை' என்றுதான் தொடங்குகிறது. ஏவல் செய்யும் அடியோரையும், பிறருக்காகத் தொழில் செய்யும் வினைவலரையும், அதே நூலின் அகத்திணையியல் ஒத்த அன்புள்ள காதலான 'அன்பின் ஐந்திணை'க்கு வெளியே நிறுத்துகிறது. ஒருதலைக் காதலான கைக்கிளையும் பொருந்தாக் காதலான பெருந்திணையும்தான் அவர்களுக்கு என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். அந்தப் பாட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் அதில் இல்லாததை அதன் தலையில் ஏற்ற மனம் வரவில்லை.

அப்படியென்றால் ஏற்றத்தாழ்வை நேராகப் பேசும் சங்கப் பாட்டு இருக்கிறதா?

இருக்கிறது, நற்றிணை 45. தேரில் வரும் செல்வர் வீட்டுப் பிள்ளையிடம் தலைவியின் தோழி பேசுகிறாள். இவள் கடல் கலங்க உள்ளே போய் மீன் பிடிக்கும் பரதவர் மகள். நீ கொடி பறக்கும் கடைத்தெரு உள்ள மூதூர்ச் செல்வனின் மகன். நாங்கள் கொழுத்த சுறாவை அறுத்துக் காயப் போட்டு, பறவை கொத்தாமல் விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். 'புலவு நாறுதும், செல நின்றீமோ' என்கிறாள். எங்கள் மேல் மீன் நாற்றம் அடிக்கும், தள்ளி நில்லுங்கள்.

ஒருமுறை இதை வகுப்பில் நடத்தியபோது, கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு மாணவி இந்த வரியில் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அடுத்த வரிகளுக்குப் போனேன். எங்கள் சின்ன, நல்ல வாழ்க்கை உங்களோடு ஒப்பாகாது. ஆனால் உங்களைப் போன்ற தலைமக்கள் எங்களிலும் உண்டு, 'எம்மனோரில் செம்மலும் உடைத்தே'. அந்தப் பெண் நிமிர்ந்து, "இன்னொரு தடவை படிங்க மேடம்" என்றாள். தள்ளி நில் என்று சொல்பவள் தாழ்ந்து நின்று சொல்லவில்லை. அதை அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

காதலித்து ஏமாற்றியவனைத் தண்டித்ததாக எங்காவது வருகிறதா?

அகநானூறு 256ஐப் படியுங்கள். கள்ளூரில் ஓர் இளம்பெண்ணின் நலத்தைக் கவர்ந்த ஒருவன், 'அறியேன்' என்று பொய்ச் சத்தியம் செய்தான். ஊர் அவை நேரில் அறிந்த சாட்சிகளை விசாரித்தது. பொய் என்று தெரிந்ததும் அவனை மரக்கிளையில் இறுகக் கட்டி, தலையில் நீற்றைக் கொட்டினார்கள். அவையில் எழுந்த ஆரவாரத்தை விட இப்போது உன்னைப் பற்றிய அலர், அதாவது ஊர்ப்பேச்சு, பெரிது என்று, பரத்தையிடம் போய்வந்த தலைவனைத் தோழி இடிக்கிறாள்.

அங்கே சாட்சி இருந்தது. சாட்சி இல்லாதவளின் பாட்டு குறுந்தொகை 25, கபிலர் பாடியது. அவன் என்னை மணந்தபோது யாருமே இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்காலோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு குருகு என்ற நீர்ப்பறவை ஒன்று நின்றது, அவ்வளவுதான். அந்தக் குருகின் கண்ணும் மீன் மேல்தான். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நெஞ்சு கனக்கிறது. 'பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர்' பெரியோர் திருமணச் சடங்கை வகுத்தார்கள் என்று தொல்காப்பியம் சொல்வதற்கு அர்த்தம் இந்தப் பெண்ணிடம் இருக்கிறது. கல்யாணத்துக்கு ஊரைக் கூட்டுவதே சாட்சிக்குத்தான்.

சிலப்பதிகாரத்தில் கோவலனை ஏமாற்றியது மாதவிதானே?

இல்லை. இருவரும் கடற்கரையில் பாடும் கானல் வரியில் முதலில் வேறொருத்தியை நினைத்ததுபோலப் பாடியவன் கோவலன். மாதவி பதிலுக்குப் பாடினாள். உடனே 'மாயப்பொய் பல கூட்டும் மாயத்தாள்' என்று சொல்லி எழுந்து போய்விடுகிறான். கண்ணகியிடம் வந்து அவளைச் 'சலதி', அதாவது வஞ்சகி, என்கிறான். இருவரும் செய்தது ஒன்றுதான். அவள் கணிகை குலத்தில் பிறந்தவள் என்பதால் அவள் பாட்டு மட்டும் பொய்யாகிவிட்டது. மதுரைக்குப் போகும் வழியில் அவளுடைய இரண்டாவது கடிதத்தைக் கோசிகன் என்ற அந்தணன் கொண்டுவந்து கொடுக்க, அதைப் படித்த பிறகுதான் அவள்மேல் தீதில்லை, 'என் தீது' என்று உணர்கிறான். முதல் கடிதத்தை அவன் வாங்கவே இல்லை.

பொற்கொல்லன் செய்த வஞ்சகத்துக்குத் தண்டனை உண்டா?

உண்டு. அது என்னை உறங்கவிடாத இடம். சிலம்பைத் திருடி, பழியைக் கோவலன் மேல் போட்டவன் ஒருவன். ஆனால் கொற்கையிலிருந்த பாண்டியன் வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் 'ஈரைஞ்ஞூற்றுவரை', ஆயிரம் பேரை, ஒரே பகலில் கண்ணகிக்குப் பலி கொடுத்தான் என்கிறது நீர்ப்படைக் காதை. அரசன் அவசரப்பட்டுக் கொடுத்த தீர்ப்புக்கு அவனும் அரசியும் உயிர்விட்டார்கள், மதுரை எரிந்தது. ஒரு கொல்லன் சொன்ன பொய்க்கு அந்தத் தொழில்காரர் ஆயிரம் பேர். பாடம் நடத்துகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

ஏமாற்றிய காதலனைப் பெண்ணே தண்டித்த கதை?

குண்டலகேசி. தான் காப்பாற்றி மணந்த கள்வன் தன்னைக் கொல்ல மலை உச்சிக்குக் கூட்டிப்போனான் என்று தெரிந்ததும், வலம் வந்து வணங்குகிறேன் என்று சொல்லிப் பின்னாலிருந்து அவனைத் தள்ளிவிடுகிறாள். காப்பியத்தில் நமக்குக் கிடைத்திருப்பது 19 பாட்டுதான். கதையை நீலகேசி என்ற சமணக் காப்பியத்தின் உரையிலிருந்து தெரிந்துகொள்கிறோம்.

டீச்சர், நாட்டுப்புறக் கதைப்பாடல்களில் சாதி மாறிக் காதலிப்பவர்கள் எல்லோரும் கடைசியில் செத்துப் போகிறார்களே, ஏன்?

சாகிறார்கள், அப்புறம் தெய்வமாகிறார்கள். கொன்ற ஊரே கும்பிடுகிறது. ஆனால் சாவை விட எனக்கு வலிப்பது கதைக்குள் பிறப்பை மாற்றி எழுதுவதுதான். மதுரைவீரன் அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவன், பொம்மண்ண நாயக்கர் மகள் பொம்மியை மணந்தவன். ஆனால் பிறந்தது காசி ராஜாவுக்கு என்று ஒரு முன்கதை வந்து ஒட்டிக்கொண்டது. முத்துப்பட்டன் கதையிலும் இதே வேலை நடந்திருக்கிறது. பிராமணனான பட்டன், சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவை மணக்க வேண்டும் என்கிறான். பெண்ணைப் பெற்றவர் நிபந்தனை போடுகிறார்: பூணூலை அறு, குடுமியை எடு, தோல் வேலை பழகிச் செருப்புத் தைத்துக் கொண்டு வா. அவன் எல்லாவற்றையும் செய்கிறான். நாட்டுப்புற இலக்கிய ஆய்வாளர் நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தபோது, அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கண்டெடுக்கப்பட்டவர்கள் என்று மாற்றிய வடிவங்களையும் எடுத்துக் காட்டினார்.

காதலர்கள் ஒருவருக்கொருவர் பொய் சொல்லவில்லை. அவர்களைப் பற்றிப் பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனால், தெய்வமாகிவிட்ட முத்துப்பட்டனின், அதாவது பட்டவராயனின், சந்நிதியில் இன்றும் தோல் செருப்பைக் காணிக்கையாக வைக்கிறார்கள். அவன் தைத்த செருப்பை அந்த முன்கதையால் மறைக்க முடியவில்லை.

திருமணச் சடங்கு பற்றிச் சொன்னீர்கள். சுயமரியாதைத் திருமணம் எப்போது சட்டமானது?

1967இல், அண்ணாதுரை ஆட்சியில், இந்துத் திருமணச் சட்டத்தில் செய்த திருத்தத்தால். அதற்கு முன்பே நடந்த திருமணங்களும் அதனால் செல்லுபடியாயின. 1950களில் இப்படி ஒரு திருமணத்தைச் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஊரறிய வாழ்ந்த பெண்ணும் 'அவன் பொய்த்தால் நான் என்ன செய்வேன்' என்று நிற்க வேண்டிய நிலை அது.

எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

குறுந்தொகை 25. ஐந்தே அடிதான், வாய்விட்டுப் படியுங்கள். அதே நாளில் அகநானூறு 256ஐ உரையோடு எடுத்துக்கொள்ளுங்கள். சிலம்பைப் புகார்க் காண்டத்தின் கானல் வரியிலிருந்து தொடங்கினாலும் தப்பில்லை. அப்புறம் பின்னால் போய் முதல் பகுதியான மங்கல வாழ்த்தைப் படித்துக்கொள்ளலாம்.