இடியன் துவக்கும் காகிதத் தோட்டாவும்: வாசகர் கேள்விகள்

இங்கிலாந்தில் இருக்கும் என் அண்ணா, 1853 மாதிரி என்ஃபீல்ட் துவக்கால் (குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இடித்துச் சுடும் பழைய இடியன் வகை) கழகமொன்றில் சுடுகிறார். முதல் நாலைந்து வெடி ஒரே இடத்தில் விழுகிறது, அப்புறம் கண்டபடி சிதறுகிறது. குறிமுள்ளில் (குறிபார்க்கும் முள்ளில்) பிழையா? (உவர்மலை)

குறிமுள்ளை விடுங்கள், குழலுக்குள் பாருங்கள். கருமருந்து (பழைய வெடிமருந்து) எரிந்தால் பாதிக்கு மேல் கசடாகத்தான் மிஞ்சும். அது வரிப்பள்ளங்களில் (குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய பள்ளங்களில்) இறுகினால், அடுத்த குண்டை இடித்து இறக்கும்போதே அதன் மூக்கு நசுங்கிவிடும்.

தோட்டா என்பது மருந்தையும் குண்டையும் சேர்த்துச் சுற்றிய காகிதக் குழாய். அதன் குண்டு முனையில் பூசும் மெழுகுதான் அந்தக் கசடை இளக்கமாக வைத்திருப்பது. அண்ணா எப்படி இடிக்கிறார் என்று கேளுங்கள். வால்பக்கத்தைக் கிழித்து மருந்தைக் கொட்டியதும், தோட்டாவைத் தலைகீழாகத் திருப்பி, மெழுகு முனையைக் குண்டு மறையும்வரை குழல்வாயில் செருக வேண்டும். பிறகுதான் மீதிக் காகிதத்தை முறித்து எறிய வேண்டும். குண்டைச் சுற்றிய காகிதம் குண்டோடேயே உள்ளே போக வேண்டும். பலர் அதையும் உரித்துவிட்டு வெறுங்குண்டைப் போடுகிறார்கள். மெழுகும் போச்சு, குண்டும் குழலுக்குள் ஆடும்.

தேன்மெழுகோடு மாட்டுக்கொழுப்பைக் கலக்கும் அளவு நாட்டுக்கு நாடு மாறும். நம் திருகோணமலை வெயிலில் கொழுப்புக் கூடினால் உருகிக் காகிதத்தில் ஊறிவிடும். அங்கத்தைய குளிரில் மெழுகு கூடினால் கல்லாகிவிடும். அதையும் சரிசெய்து பார்த்துவிட்டு, சில வெடிக்கு ஒருதரம் ஈரத்துணியால் குழலைத் துடைக்கட்டும்.

குண்டு என்ன அளவில் இருக்க வேண்டும்? (அதே வாசகர்)

குழல் 0.577 அங்குலம் என்பது பெயரளவுக்குத்தான். பழைய குழல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, ஆகவே முதலில் குழலை அளக்க வேண்டும். குண்டு காகிதத்தோடு சேர்ந்து லேசாக இறங்கினால் போதும். அடிப்பக்கம் குழிவான குண்டு வெடிக்கும்போது விரிந்து வரியைப் பிடிக்கும். அதற்குத் தூய ஈயம் வேண்டும். பழைய கார்ச் சில்லில் கழற்றிய ஈயம் கடினமானது, விரியாது.

என்ஃபீல்டால் 50 யாரில் (கெஜத்தில்) சுட்டால் குறிக்கு மேலே போகிறதாம். (சாம்பல்தீவு)

அந்தக் குறிமுள்ளின் ஆகக் குறைந்த அளவே 100 யார். கீழே குறிபார்த்தால் சரி.

அப்பப்பாவின் இடியன் துவக்கு பரணில் கிடக்கிறது. ஒருக்கால் சுட்டுப் பார்க்கலாமா? (கிண்ணியா)

வேண்டாம் தம்பி. உள்ளே மருந்து இடித்தபடியே இருக்கலாம். நனையாத கருமருந்து எத்தனை வருடம் போனாலும் வெடிக்கும். துவக்கின் குதிரையை (அடிக்கும் சுத்தியலை) இழுத்துப் பார்க்காதீர்கள், குழல்வாய்க்கு நேரே நிற்காதீர்கள். உள்ளூர்ப் பட்டறையில் அடித்த குழல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அடித்தவருக்கே தெரியாது. உரிமம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதும் குற்றம். இடத்தைவிட்டு நகர்த்தாமல் பொலிசுக்குச் சொல்லுங்கள். உரிமம் ஏதும் இருந்ததா என்று கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) விசாரிக்கலாம்.

இந்தியாவின் 1857 சிப்பாய்க் கலகம் உண்மையிலேயே என்ஃபீல்ட் தோட்டாக் கொழுப்பால் வந்ததா? (திருக்கடலூர்)

அது பொறி. பசு, பன்றிக் கொழுப்பென்ற பேச்சு பரவியதும், பல்லால் கடிக்காமல் கையால் கிழிக்கலாம் என்று ஆங்கிலேயர் பயிற்சி முறையையே மாற்றிப் பார்த்தார்கள். சிப்பாய்களின் சந்தேகம் தீரவில்லை. சம்பளம், நாடுபிடிப்பு என்று மற்றக் குறைகளும் ஏற்கெனவே சேர்ந்திருந்தன.