வரி கட்டிய காருக்குக் காப்புறுதி தனியாக வேண்டுமா?

கேள்வி: நுவரெலியாவில் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. வரி கட்டியாகிவிட்டதே, காப்புறுதியும் இப்போதே எடுக்க வேண்டுமா?

வேண்டும். காரை ரோட்டில் இறக்குவதற்கு முன்பே எடுங்கள்.

உங்களைப் போலத்தான் நானும் நினைத்தேன். காப்புறுதி இருந்தால்தானே லைசன்ஸ் (அந்த வருமான அனுமதிப்பத்திரம்தான்) தருகிறார்கள், அப்படியென்றால் கண்ணாடியில் லைசன்ஸ் இருக்கும்வரை எல்லாம் சரிதான் என்று ஒரு கணக்கு. டிக்கோயா ரோட்டில் ஒரு நாள் காலை அந்தக் கணக்கு பிழைத்தது. பொலிஸ்காரர் கண்ணாடியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, காப்புறுதி அட்டையைக் கேட்டார். எடுத்து நீட்டும்போதுதான் எனக்கே தெரிந்தது, அது முடிந்து ஒன்பது நாள். "தம்பி, லைசன்ஸ் வேற, இன்சூரன்ஸ் வேற" என்றார் அரைகுறைத் தமிழில். அப்புறம் வழக்கு, தண்டம், ஒரு நாள் சம்பளமும் போச்சு.

லைசன்ஸ் எடுக்கும்போது அன்றைக்குக் காப்புறுதி செல்லுபடியாகிறதா என்றுதான் பார்ப்பார்கள். அது அடுத்த மாதமே முடிந்தாலும் லைசன்ஸ் ஒரு வருடத்துக்குக் கிடைத்துவிடும். இரண்டுக்கும் திகதி வேறு. நம்மில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

காசு போகும் இடமும் வேறு. லைசன்ஸ் கட்டணம் மாகாணத்தின் வருமானம். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு மாகாண சபைகளுக்குக் கிடைத்த வரிகளில் அதுவும் ஒன்று. (அந்தக் காசில் நம் தோட்டத்து ரோட்டுக்கு எவ்வளவு வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள்.) காப்புறுதி, உங்கள் கார் யாரையாவது இடித்துவிட்டால் அவருக்கு நட்டஈடு கொடுப்பதற்கு. வரி கட்டிய ரசீதைக் காட்டி யாருக்கும் ஆஸ்பத்திரிச் செலவு கொடுக்க முடியாதே.

சட்டப்படி கட்டாயமானது, இடிபட்டவருக்குக் கொடுக்கும் இந்த மூன்றாந்தரப்புக் காப்புறுதி மட்டும்தான். அதில் உங்கள் காருக்கு ஒரு சதமும் வராது. பனிமூட்டத்தில் வளைவு தெரியாமல் கானில் இறங்கினாலும், மேட்டிலிருந்து கல் உருண்டு பொனட்டில் விழுந்தாலும் செலவு உங்களுடையது. காருக்கு ஓரளவு பெறுமதி இருந்தால் முழுக் காப்புறுதியைப் பற்றி யோசியுங்கள். அதிலும் மண்சரிவு, வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று வாயால் கேட்டு, எழுத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் அதுதான் பெரிய பயம். என்னுடையது பழைய மாருதி. அதற்கு மூன்றாந்தரப்பே போதும் என்று விட்டுவிட்டேன்.

ஏழு மாதம் கழித்து லைசன்ஸ் புதுப்பிக்கும்போது காப்புறுதியோடு புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். மலைநாட்டில் இதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம், காற்று மெல்லியது. காபரேட்டர் உள்ள பழைய பெற்றோல் கார் காற்றுக்கு மிஞ்சிய எண்ணெயை இழுக்கும், புகையில் காபன் மொனொக்சைட் கூடும். பழைய டீசல் வேன் என்றால் கறுப்புப் புகை கண்ணுக்கே தெரியும். என் கார் முதல் தடவை தோற்றது. கராஜ் பாஸ் எயார் ஃபில்டரை மாற்றி, காபரேட்டரைக் கொஞ்சம் குறைத்து வைத்தார். "எஞ்சின் நல்லா சூடான பிறகு கொண்டுபோங்க தம்பி" என்றார். அடுத்த நாள் தேறியது.

காப்புறுதியையும் லைசன்ஸ் எடுக்கப் போகிற அன்று காலையில் வாங்காதீர்கள். நான் அப்படி வாங்கிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனேன். நிறுவனம் விபரத்தை இன்னும் ஏற்றவில்லை, கணினியில் ஒன்றும் வரவில்லை. கையில் அட்டை இருந்தும் மறுநாள் வரச் சொல்லி அனுப்பினார்கள். இப்போதெல்லாம் லைசன்ஸ் திகதிக்கு ஒரு கிழமை முன்பே புதுக் காப்புறுதி எடுத்துவிடுகிறேன். பழையதில் மிச்சமிருந்த மூன்று கிழமைக் காசு முதல் வருடம் வீணானது. பரவாயில்லை, இரண்டு திகதியும் பக்கத்தில் வந்துவிட்டன.

விற்றவர் தன் காப்புறுதி அட்டையையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் அதை நம்பி ஓட்டாதீர்கள். அது அவர் பெயரில் உள்ள ஒப்பந்தம். சி.ஆர். புத்தகப் (வாகனப் பதிவுச் சான்றிதழ்) பிரதியையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு டவுனில் ஒரு முகவரிடம் போய், உங்கள் பெயரில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.