மரச் சமையல் மேடைக்கு எந்தப் பூச்சு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த தேக்குப் பலகைகளை இணைத்துச் சமையல் மேடை செய்கிறோம். பி.யு. பாலிஷ் போட்டால் தண்ணீரே இறங்காது என்று பாலிஷ் போடுபவர் சொல்கிறார். போடலாமா? (நாகர்கோவில் வாசகி)

பி.யு. (பாலியூரித்தேன்) மரத்தின் மேல் ஒரு படலமாக நிற்கும் பூச்சு. அந்தப் படலம் முழுதாக இருக்கும்வரை அவர் சொல்வது உண்மைதான். ஆனால் சமையல் மேடையில் கத்தி படும், கிரைண்டரை இழுப்போம், தேங்காய் உடைப்போம். அப்போது விழும் மயிரிழைக் கீறல் வழியே இறங்கும் தண்ணீர் படலத்துக்கு அடியில் தங்கி மரத்தைக் கறுக்க வைக்கும். பிறகு அந்த இடத்தில் படலம் செதில் செதிலாக உரியும். ஓரிடத்தை மட்டும் ஒட்டுப்போட்டால் விளிம்பு தெரியும் என்பதால், மேடை முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். கதவுக்கும் அலமாரிக்கும் பி.யு. அருமையானது. மேடைக்கு, மரத்துக்குள் ஊறும் ஹார்ட்வாக்ஸ் ஆயில் (எண்ணெயும் மெழுகும் கலந்த பூச்சு) அல்லது லின்சீட் ஆயிலையே நான் பரிந்துரைப்பேன். தேய்ந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து எண்ணெய் தடவினால் அது பழைய பூச்சோடு கலந்துவிடும். பி.யு.தான் வேண்டுமென்றால், தேக்கில் இயல்பாகவே உள்ள எண்ணெய்ப் பசை படலத்தைப் பிடிக்க விடாது என்பதால், தின்னர் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த கையோடு முதல் பூச்சை அடிக்கச் சொல்லுங்கள்.

கடையில் விற்கும் எண்ணெய் எதற்கு? வீட்டில் இருக்கும் தேங்காயெண்ணெய் போதாதா? (தஞ்சாவூர் வாசகர்)

போதாது. ஆளிவிதையிலிருந்து எடுக்கும் லின்சீட், டங் மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் டங் ஆகிய எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை ஏற்று மரத்துக்குள்ளேயே இறுகிவிடும். தேங்காயெண்ணெயும் கடலை எண்ணெயும் அப்படி இறுகுவதில்லை. நாளடைவில் சிக்கு வாடை அடித்து, தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்லெண்ணெய் அரைகுறையாக இறுகிப் பிசுபிசுக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் சிக்கு வாடை அடிக்காது என்றாலும் அதுவும் இறுகாது. அடிக்கடி தடவத் தயங்காதவர்கள் காய் நறுக்கும் பலகைக்கு அதைப் பயன்படுத்தலாம்.

எண்ணெய் பூசிய மேடையில் மஞ்சள் கறையும், இரும்புச் சட்டி வைத்த இடத்தில் கருவளையமும் விழுந்துவிட்டன. பூச்சு சரியில்லையா? (மதுரை வாசகி)

பூச்சின் மீது முழுப் பழியையும் போட வேண்டாம். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. ஜன்னலோர மேடையானால் சில நாள் வெயிலிலேயே கறை மங்கிவிடும். சோப்புத் தூளைக் கொட்டித் தேய்த்தால் காரம் பட்டு மஞ்சள் சிவப்பாக மாறி உங்களைப் பயமுறுத்தும், அவ்வளவுதான். கருவளையம் வேறு வகை. மரத்திலுள்ள துவர்ப்புப் பொருளான டானினும் ஈரமான இரும்பும் சேர்ந்து உண்டாகும் கறுப்பு அது. வேங்கையில் இன்னும் அழுத்தமாக விழும். உப்புத்தாளால் மேல்பூச்சை எடுத்துவிட்டு, ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவினால் வெளுக்கும். அது நஞ்சு என்பதால் கையுறை அணிந்து செய்து, பலமுறை தண்ணீர் விட்டுக் கழுவி, மரம் நன்றாக உலர்ந்த பிறகே மீண்டும் எண்ணெய் பூச வேண்டும். இனி ஈரச் சட்டிக்கும் சூடான குக்கருக்கும் அடியில் ஒரு பிரிமணை இருக்கட்டும்.

சிங்க்கை ஒட்டிய பகுதி கறுத்துவிட்டது. பலகையும் கிண்ணம்போல் வளைந்துவிட்டது. ஏன்? (சென்னை வாசகர்)

பெரும்பாலும் மேற்புறத்துக்கு மட்டும் பூச்சு அடித்திருப்பார்கள். அடிப்புறம் வெறுமையாக இருந்தால் அது ஈரத்தை வேறு வேகத்தில் குடித்து வெளிவிடும்; பலகை வளைவது அதனால்தான். இரண்டு பக்கமும் ஒரே அளவு பூச்சு வேண்டும். சிங்க்குக்காக அறுத்த விளிம்புகளில் மரத்தின் குழாய்கள் வாய் திறந்து நிற்கின்றன. அவை மேற்பரப்பைவிடப் பல மடங்கு நீர் குடிக்கும் என்பதால், எண்ணெய் இறங்குவது நிற்கும்வரை அங்கே பூசிக்கொண்டே இருக்க வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீர் புழங்கும் வீடென்றால், சிங்க் பகுதிக்குக் கிரானைட்டும் மற்ற இடத்துக்கு மரமும் வைப்பதே நிம்மதி.

எண்ணெய் பூசிய மேடையில் உணவு பட்டால் ஆபத்தா? (ஈரோடு வாசகி)

உணவு படும் பரப்பில் பூச அனுமதி உண்டு என்று டப்பாவில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முழுதாக இறுகும்வரை, சுமார் 1 மாதம், உணவை நேரடியாக மேடைமேல் வைக்காதீர்கள்.

லின்சீட் ஆயிலை நானே பூச விரும்புகிறேன். முறை என்ன? (திருநெல்வேலி வாசகர்)

வேகமாகக் காய்வதற்கான உலோக உப்புகள் கலந்த, ‘பாயில்டு’ என்று எழுதிய டப்பாவை வாங்குங்கள். அவை கலக்காத பச்சை எண்ணெய் காய நாள்கணக்கில் ஆகும். உப்புத்தாளை 180-ஆம் நம்பரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வழுவழுப்பாக்கினால் எண்ணெய் இறங்காது. தாராளமாகத் தடவி, 15 நிமிடம் ஊறவிட்டு, மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்ட எண்ணெய் பிசினாக நிற்கும். ஒரு நாள் இடைவெளியில் 3 பூச்சு போதும். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நிற்காமல் சில நிமிடத்தில் மரம் கறுத்தால் அடுத்த பூச்சுக்கு நேரம் வந்துவிட்டது.

துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு உண்டாகும். குவியலுக்குள் அந்தச் சூடு அடைபட்டால் துணி தானாகவே தீப்பிடிக்கும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் வாளியில் திணித்து வைத்த துணிகளைச் சாயங்காலம் எடுக்கப் போனபோது, நடுவில் இருந்த துணி கைவைக்க முடியாத சூட்டோடு, ஓரம் பழுப்பேறிப் புகை வாடை அடித்துக்கொண்டிருந்தது. துணிகளை வெளியில் தனித்தனியே விரித்து விறைப்பாகக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.